இரண்டு எண்பது

எங்கள் வீட்டு இன்னோவா மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ‘டிங் டிங்’ என்று கூப்பிடும். 2019 ஜூலைக்குப் பிறகு நம் நாட்டில் தயாராகும் கார்களில் இந்தச் சத்தம் சட்டப்படி இருந்தாக வேண்டும். 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். மூன்று மாதம் முன்பு எங்களோடு வந்த ஆக்டிங் டிரைவர் திண்டிவனம் தாண்டியதும் சொன்னார்: “சார், இந்தச் சத்தத்தை எடுத்துடலாம் சார். தெரிஞ்ச கடை இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை.”

இன்னொரு 80 இருக்கிறது. 1929 ஏப்ரல் 14 அன்று மொனாக்கோ நகரத் தெருக்களில் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. 100 சுற்று. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓட்டி முதலில் வந்தவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். வண்டி, பச்சை வண்ணம் பூசிய புகாட்டி 35பி. அந்த வெற்றியின் சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்.

அந்தக் காலத்தின் தேர்ந்த ஓட்டுநர் ஒருவர், அந்தக் காலத்தின் தலைசிறந்த பந்தய வண்டியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த சராசரி அது. அந்த வேகத்தில்தான் என் மகன் வாங்கிய குடும்ப வண்டி ‘மெதுவா’ என்று முனக ஆரம்பிக்கிறது. நமக்கோ அந்த முனகல்கூடப் பொறுக்கவில்லை. இந்த ஒப்பீட்டில் கொஞ்சம் போங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மொனாக்கோ வளைவும் நெளிவுமான தெருப்பாதை. நேர்ப்பாதை கிடைத்தால் அதே புகாட்டி 200-ஐ எட்டிப் பிடிக்கும். ஆனாலும் இந்த இரண்டு 80-க்கும் நடுவில் என்னவோ தொலைந்துபோயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் முப்பத்தோரு வருஷம் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வண்டிப் பைத்தியம் பிடித்தது அதற்கும் முன்னால், சோழவரத்தில். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். லேத் பட்டறையில் வேலை பார்த்த மாமா வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனார். ஃபியட் இன்ஜினை எடுத்துச் சொந்தப் பட்டறையிலேயே உடம்பு கட்டிய வண்டிகள் அன்று நிறைய ஓடின.

கண்ணால் பார்த்ததைவிட மூக்கால் பார்த்ததுதான் இன்னும் நினைவில் இருக்கிறது: சுட்ட விளக்கெண்ணெய் வாசனை. பந்தய இன்ஜின்களுக்கு அப்போது ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் அதே சமாசாரம் இங்கே புகையாக வந்துகொண்டிருந்தது. பந்தயம் முடிந்து ஒருவர் இறங்கினார். முகமெல்லாம் கரி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இரண்டு வட்டம். யாரோ கோலி சோடாவை நீட்டினார்கள். அவரால் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது, சோடா முழங்கை வழியாக வழிந்தது. நான் சிரித்துவிட்டேன். மாமா தலையில் ஒரு குட்டு வைத்தார். “சிரிக்காதடா. கை நடுங்கணும். நடுங்காதவன் வண்டியில நீ ஏறாத.”

அது என்ன பேச்சு என்று புரிய எனக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று.

மகள் குடும்பம் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது மாப்பிள்ளை என் ஆசையைத் தெரிந்துகொண்டு பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் முல்ஹவுஸ் நகரத்து மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். ஏழு பேர் உட்காரும் ஃபோக்ஸ்வாகன் ஷரான் வண்டி. ‘சரண்’ என்றே எங்கள் வீட்டில் பெயர். மகள் பின்னால் திரும்பி ஒவ்வொருவர் பெல்ட்டாகச் சரிபார்த்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. பேரனுக்குக் குழந்தை இருக்கை. அது இல்லாமல் அங்கே கூட்டிப் போக முடியாது. வேக வரம்பே இல்லாத ஒரு நீட்டுச் சாலையில் நான் தூங்கிப்போனேன். விழித்து முள்ளைப் பார்த்தால் 165. பேரன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரில் அலைகூட இல்லை.

அருங்காட்சியகம் ஒரு காலத்தில் நூற்பாலை. ஷ்லும்ப் சகோதரர்கள் என்ற ஆலை முதலாளிகள் ஊருக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கான கார்களை வாங்கி அடுக்கி வைத்திருந்தார்கள். ஆலை நொடித்து, 1977-இல் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்தபோதுதான் ரகசியம் வெளியே வந்தது. புகாட்டி மட்டுமே நூற்றுக்கு மேல். அதில் டைப் 35 வரிசை முன்னால் நான் நின்ற நேரத்தில் மற்றவர்கள் மியூசியம் முழுவதையும் சுற்றிவிட்டு வந்துவிட்டார்கள்.

ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு அது நகைக்கடை. 1924-இல் லியோன் பந்தயத்தில் முதலில் ஓடிய வகை. எட்டு சிலிண்டர், ஏறக்குறைய இரண்டு லிட்டர் இன்ஜின், 90 குதிரைசக்திக்கு மேல். எடை வெறும் 750 கிலோ சொச்சம். முன் அச்சை உள்ளே குடைந்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங் அச்சின் ஊடாகவே நுழைந்து போகிறது, ஊசிக் காதில் நூல் கோத்த மாதிரி. சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே அலுமினிய வார்ப்பு. ஆனால் பிரேக்கை இழுப்பது கேபிள், நம் சைக்கிள் பிரேக்குக்கு அண்ணன் முறை. கதவு கிடையாது. பெல்ட் கிடையாது. ஓட்டுநரின் மார்பு வரைக்கும்தான் உடம்புத் தகடு, மேலே எல்லாம் காற்று. கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நசுங்கும்போலத் தெரிந்தது.

இதில் 80-இல் போனால் எப்படி இருக்கும் என்று நின்ற இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் கையை அடிக்கும். ரோட்டில் கிடக்கும் கல் முகத்துக்கு வரும். இன்ஜின் சூடு காலைப் பொசுக்கும். பிரேக் போட வேண்டிய இடத்துக்கு நூறடி முன்னாலேயே வயிறு சொல்லிவிடும். வேகம் எவ்வளவு என்று அந்த ஓட்டுநர் மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை.

எங்கள் இன்னோவா கிரிஸ்டாவை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 2.4 லிட்டர் டீசல், 150 குதிரைசக்தி. எடை 1,800 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு புகாட்டிக்கும் அதிகம். அதன்மேல் ஏழு பேர், சூட்கேஸ், புளியோதரைத் தூக்கு எல்லாம் ஏறும். எடைக்கு எடை பார்த்தால் பழைய வண்டிதான் வலுவானது. மற்ற எல்லாவற்றிலும் புதியதுதான் உசத்தி: நிற்பதில், திரும்புவதில், மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பதில், ஐந்து லட்சம் கிலோமீட்டர் முணுமுணுக்காமல் ஓடுவதில். பழைய வண்டியைக் கண்டு உருகுகிறவர்கள் எத்தனை பேர் அதில் செத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஃபார்முலா ஒன் பந்தயக்காரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானதே 1952-இல். பெல்ட் கட்டாயமானது 1972-இல். உன் பேத்தியை எந்த வண்டியில் ஏற்றுவாய் என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன்.

அப்படியானால் என்ன குறை? பொறியாளர்கள் நூறு வருஷமாக உட்கார்ந்து வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள். முதலில் காற்றை இறக்கினார்கள். அப்புறம் சூடு, அதிர்வு, சத்தம். 1978-இல் மெர்சிடிஸ் வண்டியில் ஏ.பி.எஸ். வந்தபோது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் கவலையும் இறங்கியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவற்றோடு சேர்ந்து பயமும் இறங்கிப் போய்விட்டது. அது ரோட்டைவிட்டுப் போகவில்லை. வண்டிக்கு வெளியே இருப்பவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை எனக்குப் பாடாலூர் சொல்லிக் கொடுத்தது.

இரண்டாவது பேத்திக்குச் சமயபுரத்தில் மொட்டை. மகனுக்கு ஆபீஸ், மறுநாள்தான் வர முடியும். அதனால் ஆக்டிங் டிரைவர். கொளத்தூரிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நல்ல கை, பணிவான பையன். 80-இல் டிங் டிங் அடித்துக்கொண்டே இருந்தது. பெரம்பலூர் தாண்டியதும் கவனித்தேன், முள்ளை 118-இல் ஆணி அடித்த மாதிரி வைத்திருந்தார். 120 தொட்டால் விடாமல் கத்தும் என்று அவருக்குத் தெரியும். நானும் தடுக்கவில்லை. ஒன்பது மணிக்குள் மொட்டை அடித்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். “கொஞ்சம் மிதிங்க தம்பி” என்று சொன்னதே நான்தான்.

பாடாலூருக்கு முன்னால், நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-ஐத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் புல்லுக்கட்டு. கட்டு மறைத்ததில் அவர் எங்களைப் பார்த்திருக்க முடியாது. தம்பி பிரேக்கை மிதித்தார். பெடல் படபடவென்று துடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏ.பி.எஸ். அதன் வேலையை முழுசாகச் செய்தது. வண்டி நேர்கோட்டில் நின்றது, பெரியவரிடமிருந்து ஒரு மாட்டுவண்டி தூரத்தில். அவர் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. தினம் நடக்கிற காரியம்போலத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கீழே நாலைந்து புல் சிதறிக் கிடந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து அழுகை. என் மனைவி மடியில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுப் பேத்தி முன் சீட்டின் முதுகில் போய் முட்டி உதடு கிழிந்திருந்தது. மனைவியும் பெல்ட் போடவில்லை. மருமகளும் போடவில்லை. முன் சீட்டில் நான் மட்டும் போட்டிருந்தேன், போடாவிட்டால் வண்டி கத்தும் என்பதால். ஸ்டுட்கார்ட்டில் பள்ளிக்கூடப் பையன்போல் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அதே நான்தான், செங்கல்பட்டு சுங்கச்சாவடியில் குழந்தை சிணுங்கியபோது, “மடியிலேயே வச்சுக்கோ” என்று சொன்னவன். பாடம் நடத்தியது முப்பத்தோரு வருஷம்.

டீக்கடையில் நிறுத்தினோம். குழந்தைக்கு ஐஸ் வைத்தார்கள். தம்பி டீ கிளாஸை வாங்கினார், டீ விளிம்பைத் தாண்டி விரலில் வழிந்தது. கை அப்படி நடுங்கியது. சோழவரத்து சோடா பாட்டில் எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. “கடைசியா எப்ப தூங்கினீங்க?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கொளத்தூரிலேயே கேட்டிருக்க வேண்டும். “முந்தா நாள் ராத்திரி சார். நேத்து திருப்பதி டிரிப்.”

மொனாக்கோவில் ஜெயித்த வில்லியம்ஸும் ஒரு காலத்தில் ஆக்டிங் டிரைவர் மாதிரிதான். வில்லியம் ஆர்ப்பன் என்ற ஓவியருக்குக் கார் ஓட்டியவர். இந்தத் தம்பியின் கைத்திறமை அவருக்குக் குறைந்தது என்று நான் நம்பவில்லை. அவருக்கு அந்த வண்டி ஒவ்வொரு நொடியும் ‘நீ போவது ஆபத்தான வேகம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. இவருக்கு ஏ.சி.யும் பாட்டும் மெத்தை இருக்கையும் ‘ஒன்றுமில்லை, தூங்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. உண்மை சொன்னது அந்த டிங் டிங் ஒன்றுதான். அதைத்தான் நாம் அறுத்துப் போடப் பார்க்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேரின் விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறைத்தது வேறு கணக்கு. இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். நடந்து போனவர்கள் 32,825 பேர். கார், வேன் வகையறாவுக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 21,000. கூட்டிக் கழித்துப் பாருங்கள், பயம் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். உள்ளே செத்தவர்களிலும் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய உயிர்கள் எத்தனையோ. பெல்ட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் அந்த வருஷம் 16,715.

பழைய பந்தயக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது வேகத்தை அல்ல, ரோட்டுக்குக் கொடுத்த மரியாதையை. செக் நாட்டுப் பெண் எலிஷ்கா யுன்கோவா புகாட்டி ஓட்டியவர். சிசிலித் தீவில் டார்கா ஃப்ளோரியோ பந்தயம், மலைப்பாதை, ஒரு சுற்றே 108 கிலோமீட்டர். பந்தயத்துக்கு முன்னால் அவர் அந்தப் பாதையைக் காலால் நடந்து, எந்த வளைவில் எந்த மரம், எந்தச் சுவர் என்று மனத்தில் குறித்துக்கொள்வார். 1928-இல் ஆண்களோடு போட்டியிட்டு ஐந்தாவதாக வந்தார். அதே வருஷம் ஜெர்மனியில் பந்தயம் ஓட்டிய கணவர் விபத்தில் இறந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். நாம் பாடாலூரை நடந்து பார்த்ததில்லை. அங்கே எந்த இடைவெளியில் யார் புல்லுக்கட்டோடு கடப்பார் என்று நமக்குத் தெரியாது. தெரியாத ரோட்டில் 118.

அரசிடம் கேட்க எனக்கு மூன்று உண்டு. வேக எச்சரிக்கைச் சத்தத்தை அறுத்துக் கொடுக்கும் கடைகளையும், பெல்ட் போடாமலே அலாரத்தை அடக்கும் கிளிப் விற்பவர்களையும் பிடியுங்கள். பிரேக் ஒயரை அறுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது, ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிற போலீஸ் காரின் பின்கதவையும் திறந்து பார்க்கட்டும். பின் இருக்கைக்கும் பெல்ட் விதி உண்டு. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, ஓட்டுநரின் தூக்கம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. நாள்கூலிக்கு வீடு வீடாகப் போகும் ஆக்டிங் டிரைவருக்கு அந்த எட்டை யார் எண்ணுகிறார்கள்?

நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். வண்டியில் ஏறும்போது “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதோடு “தூங்கினீங்களா?” என்பதையும் சேர்த்துக்கொள்வோம். இல்லை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுவோம். மாரியாத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். அன்று தம்பியைப் பின் சீட்டில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்தோம். மொட்டை அடிக்கும்போது மணி பன்னிரண்டு. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் குழந்தை இருக்கை வாங்கினேன். பெரியவர்களின் பெல்ட் மூன்று வயதுக் குழந்தைக்குக் கழுத்தில் ஏறும் என்பது ஐ.டி.ஐ. வாத்தியாருக்குத் தெரியாத விஷயமா! போன ஞாயிறு காஞ்சிபுரம் போனோம். நான்தான் ஓட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ரோடு காலியாக இருந்தது, என்னையறியாமல் கால் அழுந்தியிருக்கிறது. டிங் டிங். பின்னாலிருந்து, உதட்டுத் தழும்பு இன்னும் மறையாத பேத்தி, தன் சிம்மாசனத்தில் கட்டுண்டு உட்கார்ந்தபடி சத்தமாகச் சொன்னாள்: “தாத்தா, வண்டி உன்னைத் திட்டுது.”

காலைத் தளர்த்தினேன்.